அம்மாவின் ஏழாவது கேசட்

"பாப்பா, அம்மா பேசுன கேசட்டு ஒண்ணும் வரலியே?"

ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறிவிட்டு ரிமோட்டும் கையுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். "புதுப் பெட்டிப்பா. கீழ தள்ளிப் பாருங்க, இருக்கும்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். தள்ளிப் பார்த்தவர், "இல்லம்மா" என்றார். வந்து நானும் பார்த்தேன். 'அப்பா' என்று தொடங்கும் பதிவுகள் இருந்தன. அதற்கு அடுத்து 'அம்மா' வரவேண்டிய இடத்தில் 'ஆயா தாலாட்டு' வந்து நின்றது. இடையில் எதுவும் இல்லை.

எட்டு நாள்களுக்கு முன்புதான் எங்கள் வீட்டின் பழைய மீடியா சர்வரை மாற்றியிருந்தேன். மாற்றும் வேலையை ஒரு ஸ்கிரிப்ட் செய்தது. அந்த ஸ்கிரிப்டை எழுதியது நான்.

மீடியா சர்வர் என்பது பெரிய பெயர். உண்மையில் அது அண்ணன் கழித்துவிட்ட ஒரு மேசைக் கணினி. 2013இல் அதில் லினக்ஸ் போட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்தோம். படம், பாட்டு, குடும்பப் பதிவுகள் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்குள் டிவியிலோ கைப்பேசியிலோ எடுத்துக் கேட்கலாம். பதினோரு வருடத்தில் அதன் விசிறி காபி அரைக்கும் இயந்திரம்போல் சத்தம் போடத் தொடங்கியது. சரி, புதிது வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

சினிமாப் பாட்டு போனால் எங்கேயாவது கிடைத்துவிடும். குடும்பப் பதிவுகள் அப்படியல்ல. அவை அப்பா சேர்த்துவைத்த 212 கேசட்டுகளிலிருந்து வந்தவை. 2010இல் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு விடுமுறை முழுவதும் உட்கார்ந்து அவற்றை எம்பி3 கோப்புகளாக மாற்றினேன். வேலை முடிந்த பெருமையில், "இனிமே இந்தக் குப்பை எதுக்குப்பா? தூக்கிப் போட்டுடுங்க" என்றும் சொன்னேன். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த 212இல் பதினோரு கேசட்டுகள் அம்மாவுடையவை. 1988 முதல் 1991 வரை அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். அம்மா, சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டு அண்ணனையும் கைக்குழந்தையான என்னையும் பார்த்துக்கொண்டார். லயத்து வீட்டில் தொலைபேசி கிடையாது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். அதனால் இருவரும் கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். ஊருக்குப் போகிறவர், வருகிறவர் கையில் கேசட் போகும், வரும். அம்மா 2006இல் தவறிவிட்டார். அவர் குரல் என்று எங்களிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பதினோரு பதிவுகள்தாம்.

சொன்னதைச் செய்யும் ஸ்கிரிப்ட்

வானொலியில் ஸ்கிரிப்ட் என்றால் அறிவிப்பாளர் கையில் இருக்கும் தாள். அதில் பிழை இருந்தால், அனுபவம் உள்ள அறிவிப்பாளர் வாய் திறக்கும்போதே திருத்திப் படித்துவிடுவார். கணினி ஸ்கிரிப்ட் அப்படியில்லை. எழுதியதை அட்சரம் பிசகாமல் செய்யும், தப்பாக எழுதியிருந்தாலும்.

நான் எழுதியது எளிமையானது. பழைய தொகுப்பில் வேண்டாத கோப்புகள் நிறையச் சேர்ந்திருந்தன. மேக் கணினிகள் மற்ற வட்டுகளில் விட்டுச் செல்லும் புள்ளியில் தொடங்கும் கோப்புகள், சிறுபடங்கள், பாதியில் நின்றுபோன பிரதிகள் என்று பலவகை. அதனால் வேண்டிய பதிவுகளின் பெயர்களை எக்செலில் ஒரு பட்டியலாகத் தட்டச்சு செய்தேன். ஸ்கிரிப்டுக்கு இரண்டே வேலை. பட்டியலில் பெயர் இல்லாததைப் பழைய வட்டிலிருந்து அழி. மிஞ்சியதைப் புதிய வட்டுக்குக் கொண்டுபோ.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. பத்துக் கோப்புகளைத் தனி இடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பத்தும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பிறகு முழுத் தொகுப்புக்கும் ஓட்டினேன். 'முடிந்தது, பிழை 0' என்று திரையில் வந்தது. பழைய கணினியை அணைத்து ஓரமாக வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை அதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

அப்பா கேட்டது அதற்கு முந்தைய நாள்.

கொம்பும் காலும்

பட்டியலையும் புதிய வட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினேன். 41 பதிவுகள் இல்லை. ஏன் அந்த 41 மட்டும்? காணாமல் போனவற்றின் பெயர்களைத் தாளில் எழுதினேன். 'அம்மா - தோட்டம் - 01' முதல் 'அம்மா - தோட்டம் - 11' வரை. 'பொங்கல் - தாத்தா பேச்சு'. 'கோயில் - தீமிதி'. 'கொய்யா மரத்தடி'. எழுதிக்கொண்டே வந்தபோதுதான் கண்ணில் பட்டது. எல்லாப் பெயரிலும் கொம்பும் காலும் சேர்ந்த ஓர் எழுத்து இருந்தது. தோ, பொ, கோ, கொ.

தமிழ் எழுத்துகளைக் கணினியில் வைப்பதற்கான யூனிகோட் முறையில் 'தோ' என்பதை இரண்டு விதமாக எழுதிவைக்கலாம். 'த'வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. இரட்டைக்கொம்பு தனியாக, துணைக்கால் தனியாக என்று இரண்டு குறிகளாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒன்றாகவே கருதவேண்டும் என்றுதான் யூனிகோட் விதியும் சொல்கிறது. ஆனால், அதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால், ஸ்கிரிப்டுக்கு அவை வேறு வேறு பெயர்கள்.

2010இல் நான் பயன்படுத்தியது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்து மேக் கணினி. அந்தக் காலத்து மேக், கோப்புப் பெயர்களைப் பிரித்துத்தான் வட்டில் எழுதும். பட்டியலை நான் தட்டச்சு செய்தது விண்டோசில். அங்கே சேர்த்து எழுதப்பட்டது. என் கண்ணுக்கு 'தோட்டம்' என்றால் தோட்டம்தான். ஸ்கிரிப்டுக்கு அது பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு குப்பை. அழித்துவிட்டது.

சோதனைக்கு நான் எடுத்த பத்தும் அகர வரிசையில் முதலில் வந்த பத்து. அக்கா, அண்ணன், அத்தை, அப்பா என்று போய் பத்தாவதோடு நிறுத்தியிருந்தேன். எதிலும் கொம்பும் காலும் சேர்ந்து வரவில்லை. பதினோராவது பெயர் அம்மா.

பெயரில்லாத குரல்கள்

ஒரு நல்ல காலம், பழைய கணினியை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. கோப்பை அழித்தவுடன் கணினி அதைத் துடைத்தெடுத்துவிடுவதில்லை. இந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. குடியிருந்தவர் போன வீட்டின் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுவதுபோல. புதிதாக ஒருவர் குடிவரும்வரை பழைய சாமான் உள்ளேயே கிடக்கும். அது சுழலும் வகைப் பழைய வட்டு என்பதும் கைகொடுத்தது. இப்போதைய எஸ்எஸ்டி வட்டுகள் காலியான இடத்தைத் தாமே துடைத்து வைத்துக்கொள்ளும். அதில் இந்த வாய்ப்பு அரிது.

வட்டைக் கழற்றி, அதில் எதையும் எழுத முடியாதபடி வேறொரு கணினியில் இணைத்தேன். முழு வட்டையும் அப்படியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியின்மேல் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது பெயர்களைத் தேடுவதில்லை. இங்கே ஒரு எம்பி3 தொடங்குகிறது, அங்கே ஒரு படம் தொடங்குகிறது என்று உள்ளடக்கத்தின் அடையாளத்தை வைத்துத் தோண்டி எடுக்கும். அதனால் கிடைத்ததற்குப் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். 600க்கு மேற்பட்ட ஒலித்துண்டுகள் வந்தன. பல வருடங்களில் அழித்ததெல்லாம் அதில் கலந்திருந்தது. எது யார் குரல் என்பதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

மூன்று வாரம், இரவு நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பாதி அறுந்த பாட்டுகள். கல்லூரியில் நான் படித்துப் பழகிய செய்தியறிக்கைகள், கேட்கவே கூச்சமாக இருந்தது. நடுநடுவே ஒரு தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம், கோழி கூவும் சத்தம், அதன்மேல் அம்மா.

அப்போதுதான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. அம்மாவின் பதிவுகளை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. 2010இல் திரையில் ஒலி அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கேசட்டுக்குப் போனேன். பிறகு 'பத்திரமாக இருக்கிறது' என்ற நிம்மதியிலேயே இத்தனை வருடம் ஓடிவிட்டது. மாதத்தில் ஒரு நாள் அப்பாதான் போட்டுக் கேட்பார்.

அம்மா பேசுவது பெரும்பாலும் காசுக் கணக்குதான். சீனர் கடைப் பாக்கி எவ்வளவு, மழையால் எத்தனை நாள் மரம் வெட்டப் போகவில்லை, அண்ணனுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கவேண்டும். சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்திவிடுவார். நீண்ட நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு, "சரி, வேற என்ன" என்று தொடங்குவார். புதிதாக வரும் அறிவிப்பாளர்களிடம் மூன்று வினாடிக்கு மேல் மௌனம் விடாதே என்று சொல்கிறவள் நான். அந்த மௌனங்களை வெட்டிவிடாமல் விட்டிருந்தேனே என்று அன்றைக்கு நினைத்தேன்.

41இல் 38 கிடைத்தன. கிடைக்காதவை மூன்று. கோயில் தீமிதி, தாத்தாவின் பொங்கல் பேச்சு, அம்மாவின் ஏழாவது கேசட். அந்த இடங்களில் ஏற்கெனவே வேறு ஏதோ குடிவந்துவிட்டது.

பிஸ்கட் டின்

அப்பாவிடம் அதுவரை நான் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னேன். எதுவும் பேசாமல் எழுந்துபோய், துணி அலமாரிக்கு மேலிருந்து ஒரு சதுர பிஸ்கட் டின்னை இறக்கிக் கொண்டுவந்தார். உள்ளே பதினோரு கேசட்டுகள்.

"நீ தூக்கிப் போடச் சொன்ன. மத்ததெல்லாம் போட்டுட்டேன். இத மட்டும் மனசு வரல."

எல்லாக் கேசட்டிலும் மேல் விளிம்பின் இரு மூலையிலும் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்பட்டிருந்தது. கேசட் காலத்தவர்களுக்குத் தெரியும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பொத்தான் அமுங்காது, யாரும் மேலே பதிவுசெய்ய முடியாது. திருகாணி முனையால் அப்பா அன்றைக்கே உடைத்திருக்கிறார்.

ஒரு நண்பரிடமிருந்து கேசட் டெக் இரவல் வாங்கி, அதன் தலையைப் பஞ்சால் துடைத்து, ஏழாவது கேசட்டைப் போட்டோம். குரல் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனால் அம்மாதான். பத்து நிமிடம் போனதும் இப்படிச் சொல்கிறார்: "நீங்க எதுக்கு ஒவ்வொரு தடவையும் புது கேசட்டு வாங்குறீங்க? இது மேலயே பேசி அனுப்புங்க. நான் அப்படித்தான செய்யறேன்."

அப்பா சிரித்தார். அம்மா சொன்னதை அவர் கேட்கவில்லை. அம்மாவின் பேச்சை அழிக்க மனமில்லாமல் நாக்கை உடைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலுக்கும் புதுக் கேசட் வாங்கியிருக்கிறார். அம்மா சிக்கனக்காரர். அப்பா அனுப்பியதைக் கேட்டு முடித்ததும் அதன்மேலேயே தன் பதிலைப் பேசி அனுப்பியிருக்கிறார். அப்பாவின் அந்தக் காலக் குரல் எங்களிடம் ஒன்றுகூட இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் அம்மா பேசி முடித்தார். டக்கென்று ஒரு சத்தம். பிறகு வெறும் இரைச்சல். 2010இல் நான் இந்த இடத்தோடு முடித்து, மீதியை வெட்டிவிட்டிருந்தேன். இந்த முறை எழுந்துபோய் நிறுத்தச் சோம்பலாக இருந்தது, ஓடட்டும் என்று விட்டேன். சில வினாடி கழித்து, ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து ஓர் இளைஞனின் குரல் வந்தது.

"...ஓவர்டைம் கெடச்சா நூறு வெள்ளி சேத்து அனுப்புறேன். பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா? அடுத்த கேசட்டுல அது சத்தத்தையும் கொஞ்சம் புடிச்சி அனுப்பு."

அம்மாவின் பேச்சு முடிந்த இடத்துக்கு அப்பால், அவர் மேலே பதியாமல் விட்ட அப்பாவின் பழைய பேச்சு இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அப்பா டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கொரலா அது?" என்று மட்டும் கேட்டார்.

மற்றப் பத்துக் கேசட்டுகளையும் கடைசிவரை ஓடவிட்டோம். இன்னும் நான்கில் அப்படி மிச்சம் இருந்தது.

சரியான வழி

எல்லாம் சரியாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். என் ஸ்கிரிப்ட் அந்த 41 கோப்புகளையும் பிசகில்லாமல் புதிய வட்டுக்குக் கொண்டுபோயிருக்கும். நான் 2010இல் வெட்டிய அதே கோப்புகளை. பிரதி சரியாக இருக்கிறதா என்பதைத்தான் கணினி பார்க்கும். பிரதி எடுத்த கோப்பு முழுமையானதா என்பது அதற்குத் தெரியாது. அதை ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

அதற்காக ஸ்கிரிப்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கையால் மாற்றினால் வேறு தவறுகள் வரும். இரண்டாவது முறை எழுதியபோது சில விதிகளை வைத்துக்கொண்டேன். வீட்டில் இப்படி ஒரு தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு உதவலாம்.

முதலாவது, பழைய வட்டைப் படிக்க மட்டும் முடிகிற நிலையில் இணைத்தேன். கேசட்டின் நாக்கை உடைப்பதும் இதுவும் ஒன்றுதான். ஸ்கிரிப்டில் அழிக்கும் கட்டளையே இல்லை. பட்டியலில் சேராதது எதுவானாலும் புதிய வட்டில் 'பார்க்கவேண்டியவை' என்ற தனி அடைவுக்குப் போகும். குப்பையா இல்லையா என்பதை நான் பார்த்து முடிவு செய்வேன்.

இரண்டாவது, பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வகை யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினேன். பைத்தானில் அது ஒரே வரி வேலை. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

மூன்றாவது, வெள்ளோட்டம். கோப்புகளை நகலெடுக்கப் பலரும் பயன்படுத்தும் ஆர்சிங்க் 1996இல் வெளிவந்த கருவி. அதில் எதையும் தொடாமல், என்னென்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டச் சொல்லும் வசதி உண்டு. அந்தப் பட்டியலை முழுதாகப் படித்தேன். எத்தனை கோப்பு போகவேண்டும், எத்தனை போகிறது என்று எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே உண்மையில் ஓட்டினேன். சோதனைக்கு வரிசையில் முதல் பத்தை எடுக்கவில்லை. சிக்கலான பெயர்களாகப் பொறுக்கி எடுத்தேன்.

நான்காவது, பெயரையும் அளவையும் மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கில் 64 எழுத்து கொண்ட ஒரு கைரேகையை எடுக்கலாம். உள்ளே ஒரு துளி மாறினாலும் கைரேகை முழுதும் மாறிவிடும். பழையதிலும் புதியதிலும் எடுத்து ஒப்பிட்டேன்.

ஐந்தாவது, பழையதை உடனே தூக்கிப் போடவில்லை. 'டாய் ஸ்டோரி 2' படம் தயாரிப்பில் இருந்தபோது, யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் அதன் கோப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. காப்புப் பிரதியும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு பெண் அதிகாரியின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. கல்லூரியில் இதை நாங்கள் வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொள்வோம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது துறையில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. எங்களுடைய மூன்றாவது பிரதி இப்போது ஜொகூர் பாருவில் அண்ணன் வீட்டில் இருக்கிறது.

புதிய தொகுப்பு ஓடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. தாத்தாவின் பொங்கல் பேச்சு போனது போனதுதான். அந்தக் கேசட்டைத் தூக்கிப் போடச் சொன்னதும் நான், கோப்பை அழித்ததும் நான். அவர் குரல் வேறெங்கும் இல்லை. அத்தை வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய கேசட்டுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள், அடுத்த மாதம் போய்ப் பார்க்கவேண்டும்.

பழைய வட்டு இப்போது பிஸ்கட் டின்னில் கேசட்டுகளோடு இருக்கிறது. அதன்மேல் ஒரு தாளை ஒட்டி, எப்போது அழிக்கலாம் என்று தேதி போடலாமா என்று அப்பாவைக் கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே. சோறா கேக்குது?" என்றார்.

தேதி போடவில்லை.